சீத்தா விதையும் 96 குழிகளும்

அன்புள்ள கயல்விழி,

உன் வரைவைப் படித்தேன். சீத்தாப்பழ விதைச் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். கொல்லும், சந்தேகமே வேண்டாம். நம் ஊரில் அந்த விதையை அரைத்துத் தலையில் தேய்த்துத்தான் பேனைக் கொன்றார்கள். பொடி கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி மருத்துவரிடம் ஓடியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட விதை, தட்டில் ஒட்டிக் கிடக்கும் செல்லைக் கொல்வதில் என்ன வியப்பு? அது எந்தச் செல்லை விட்டுவைக்கிறது என்று சொல், உட்கார்ந்து கேட்கிறேன். உன் வரைவில் அதற்கு ஓர் அட்டவணைகூட இல்லை.

செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நீ செய்த எம்டிடி சோதனையிலிருந்து தொடங்குவோம். மோஸ்மன் 1983-ல் வெளியிட்ட முறை. மலிவு, ஒரே நாளில் எண் கிடைத்துவிடும், அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறோம். மஞ்சள் சாயத்தை விடுகிறோம். உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக்குகிறது. டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் அளக்கிறோம். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று எழுதிவிடுகிறோம். ஆனால் உன் விதையில் வீரியமுள்ளவை அசிட்டோஜெனின்கள். அவை தாக்குவது மைட்டோகாண்ட்ரியாவின் முதல் காம்ப்ளெக்ஸை, அதாவது செல்லின் மூச்சையே. சாயம் நிறம் மாறுவதும் செல்லின் அதே வளர்சிதை மாற்றத்தை நம்பித்தான். ஆக, ஊதா குறைந்தது செல் செத்ததாலா, மூச்சு மந்தமானதாலா என்று அந்த எண் உனக்குச் சொல்லாது. ட்ரிப்பன் நீலம் போட்டுக் கண்ணால் எண்ணு. அனெக்சின் சாயமிட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார். அதற்கும் மேலாக, சாற்றைக் கழுவிவிட்டு, மிஞ்சிய செல்களைக் குறைந்த எண்ணிக்கையில் விதைத்து இரண்டு வாரம் வளரவிடு. மறுபடி காலனி கட்டினால் உன் சாறு மயக்கியிருக்கிறது, கொல்லவில்லை.

உன் ஆய்வகத்திலேயே ஒரு பெண் நாவல் கொட்டையிலும் மாங்கொட்டைப் பருப்பிலும் வேலை செய்கிறாள் அல்லவா, அவளுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அவற்றின் பாலிஃபீனால்கள் செல்லின் உதவி இல்லாமலே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடிருப்பதுபோல் கணக்கில் வரும். செல்லே போடாத நான்கு குழிகளில் சாறும் சாயமும் மட்டும் விட்டுப் பார்க்கச் சொல். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் அச்சேறிய கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

செல்களுக்கு வருகிறேன். நீ வளர்க்கும் எம்சிஎஃப்-7 மிச்சிகனில் வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரியின் மார்புக்கூட்டில் சேர்ந்த நீரிலிருந்து எடுக்கப்பட்டு, 1973-ல் சூல் குழுவினரால் அறிவிக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல். ஊடகத்தைச் சிவப்பாக்கும் ஃபீனால் ரெட்டே அதற்கு ஈஸ்ட்ரோஜன்போல லேசாக வேலை செய்கிறது என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். உன் சாறு ஏற்பியைத் தடுக்கிறது என்று வாதிடப் போகிறாய் என்றால், நிறமில்லா ஊடகமும் கரிவடிகட்டிய சீரமும் இல்லாமல் அந்த வாதம் நிற்காது. அந்த ஏற்பி இல்லாத எம்டிஏ-எம்பி-231-ஐயும் பக்கத்தில் வை. வாங்கியவுடன் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்து அடையாளத்தை உறுதிப்படுத்து. எம்டிஏ-எம்பி-435-ஐ மார்பகச் செல் என்று நம்பி உலகமே ஆண்டுக்கணக்கில் கட்டுரை எழுதியது, பிறகு பார்த்தால் அது மெலனோமா.

ஒப்பீட்டுக்கு எலியின் நார்த்திசு செல்லை வைத்திருக்கிறாய். புரிகிறது, புற்றுநோயில்லாத மார்பகச் செல்லான எம்சிஎஃப்-10ஏ வளர்க்கக் குதிரைச் சீரம், இன்சுலின், காலரா நச்சு என்று பட்டியல் நீளும், செலவும் கூடும். ஆனாலும் மார்பகத்துச் செல்லை மார்பகத்துச் செல்லோடுதான் ஒப்பிட வேண்டும். பணம் போதவில்லை என்றால் வேறு ஏதாவதொரு சோதனையை வெட்டு, இதை வெட்டாதே.

அளவு விஷயத்தையும் பேசிவிடலாம். கச்சாச் சாறு மில்லிக்கு 20 மைக்ரோகிராமுக்குள் பாதி செல்லை வீழ்த்தினால்தான் பொருட்படுத்துவது வழக்கம். 200 மைக்ரோகிராமில் வீழ்த்துகிறது என்று மகிழ்கிறவர்கள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கட்டும்: 5 லிட்டர் ரத்தத்தில் அந்த அடர்த்தி வர 1 கிராம் சாறு முழுதாக ரத்தத்தில் மிதக்க வேண்டும். உனக்கு அந்தக் கவலை இல்லை, உன்னுடையது குறைந்த அளவிலேயே கொல்கிறது. எனக்கு அதுதான் கவலை. கரீபியத் தீவான குவாதலூப்பில் முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புநோய் மிகுதியாக இருந்ததை 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. பின்னர் சந்தேகம் விழுந்தது உன் விதையில் உள்ள அதே அசிட்டோஜெனின் குடும்பத்தின் மேல். நரம்புச் செல் ஒன்றையும் உன் தட்டில் சேர்.

இதையெல்லாம் சொல்வது உன்னைத் தளரவைக்க இல்லை. பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-ல் உரித்தார்கள். அதில் கிடைத்த டாக்சால் என்ற மருந்தின் அமைப்பை வால், வானி என்ற வேதியியலாளர்கள் 1971-ல் வெளியிட்டார்கள். அது செல்லின் நுண்குழாய்களை இறுகக் கட்டிப்போடுகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979-ல் காட்டினார். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994-ல். உன் மூன்று வருட உதவித்தொகையில் இந்தப் பாதையில் ஒரு கல் நட முடிந்தாலே நல்ல ஆய்வு.

பத்திரிகைக்காரர் யாராவது போன் செய்வார். ஊரிலிருந்து ஓர் அத்தை, கீமோவை நிறுத்திவிட்டு விதையை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்பார். இருவருக்கும் ஆப்ரிகாட் கொட்டையின் கதையைச் சொல். அதிலிருந்து எடுத்த பொருளை லேட்ரைல் என்ற பெயரில் மருந்தாக விற்றார்கள். 1982-ல் 178 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலன் ஏதும் தெரியவில்லை, சிலரின் ரத்தத்தில் சயனைடுதான் ஏறியிருந்தது. அத்தையிடம் மட்டும் இன்னொன்றும் சொல்: கீமோ தேதியைத் தவறவிடக் கூடாது, விதையை வாயில் வைக்கவே கூடாது.

தலைப்பில் உள்ள ‘குணப்படுத்தும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் திருத்திய வரைவை அனுப்பு. சராசரிகள் எனக்கு வேண்டாம். ஒவ்வொரு தட்டின் 96 குழி எண்களும் அப்படியே வேண்டும், பிசகிய தட்டுகள் உட்பட.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்