குழாய் அடைபடவில்லை, பின் ஏன் மாரடைப்பு?

“ஈசிஜி எடுத்தாங்க, மெஷின்ல நடக்கவிட்டும் பார்த்தாங்க. ஒன்னும் இல்லைன்னுட்டாங்க. இனி என்ன பயம்?”

இப்படிச் சொல்லிக்கொண்டே சிகரெட்டைப் பற்றவைக்கும் அண்ணன்மாரை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் கிள்ளான் பேருந்து நிலையத்திலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே பார்ப்போம்.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் கொழுப்புப் படிகிறது. அது இரண்டு விதம். ஒன்று, சுண்ணாம்பு ஏறி இறுகிப்போன படிவு. இது குழாயை மெல்ல மெல்லக் குறுக்கும். மேடு ஏறினால் நெஞ்சு வலிக்கும். நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனையில் பெரும்பாலும் பிடிபடுவது இதுதான்.

மற்றது, பழுத்த கட்டி போன்றது. உள்ளே கொழகொழவென்று கொழுப்பு. மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் 65 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்தான். இந்தக் கட்டி பெரும்பாலும் குழாயின் வெளிப்பக்கமாக வளர்வதால் இரத்த ஓட்டம் தடைபடாது, வலியும் தெரியாது. ஒருநாள் தோல் கிழியும். பால்மரத்தில் வெட்டின இடத்தில் பால் உறைந்து ஒட்டுப்பாலாக மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல் கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். நேற்றுவரை நன்றாக வேலை செய்தவர் இன்று விழுவது இதனால்தான்.

சரி, இதைப் படம் பிடிக்க முடியாதா?

ஆஞ்சியோகிராம்: குழாய்க்குள் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். இரத்தம் ஓடும் வழியைத்தான் காட்டும். சுவருக்குள் இருப்பதைக் காட்டாது.

சிடி ஸ்கேன்: கை நரம்பில் மருந்து ஏற்றி வெளியிலிருந்து எடுப்பது. சுவரையும் காட்டும். சுண்ணாம்பு வெள்ளையாகவும் மென்மையான கொழுப்பு மங்கலாகவும் தெரியும். ஆனால் மேல்தோல் தெரியாது. மருந்து ஏற்றாமல் சுண்ணாம்பை மட்டும் அளக்கும் ஸ்கேனும் உண்டு. அதில் மென்மையான கட்டி தெரியாது.

குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட்: மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஒலியால் பார்ப்பது. கட்டியின் பருமன் தெரியும். 100 மைக்ரானுக்குக் குறைந்த தோலை அளக்க முடியாது.

ஓசிடி: அதே வழியில் ஒளியால் பார்ப்பது. இந்த முறை 1991-இல் அமெரிக்காவில் வெளியானது. 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். மெல்லிய தோலை அளக்க வல்லது இதுவே.

1992-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் போன்ற பெரிய இடங்களில்தான் இப்படிப்பட்ட வசதி இருக்கும். கம்பி உள்ளே போவதால், நல்லாயிருக்கிறவருக்கு இதைச் செய்யமாட்டார்கள். இன்னொன்று: 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 700 நோயாளிகளின் குழாய்களைப் பார்த்தார்கள். மெல்லிய தோல் கட்டி என்று கண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அடுத்த மூன்றாண்டுகளில் தொல்லையே தரவில்லை. ஆகவே படம் எடுத்தாலும் எது வெடிக்கும் என்று ஜோசியம் சொல்ல முடியாது.

அப்படியானால் படத்தால் என்ன பயன்? ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்குச் சிடி ஸ்கேனும் சேர்த்து எடுத்தார்கள். ஐந்தாண்டில், ஸ்கேன் எடுத்தவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 3.9 விழுக்காட்டினருக்கும் மாரடைப்போ இருதய நோயால் மரணமோ நேர்ந்தது. 2018-இல் வந்த முடிவு இது. காப்பாற்றியது படம் அல்ல. படத்தைப் பார்த்துத் தகுந்தவர்களுக்குக் கொடுத்த மருந்துதான்.

அந்த மருந்துகளில் முக்கியமானது ஸ்டேட்டின். 1973-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சணத்தில் கண்டுபிடித்த மருந்து வகை. அது கொழுப்பைக் குறைப்பதோடு கட்டியின் தோலையும் தடிப்பாக்கும். “கொலஸ்ட்ரால் இறங்கிருச்சு, மாத்திரை வேண்டாம்” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் நாட்டில் மாரடைப்பு வருவோரில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். ஆகவே 40 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி, இரத்த அழுத்தம், இனிப்பு நீர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். புகையை விடுங்கள். நெஞ்சுவலி இருந்தாலோ, அப்பா, அண்ணன் இளவயதில் மாரடைப்பில் போயிருந்தாலோ, “எனக்கு ஸ்கேன் தேவையா?” என்று டாக்டரைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால், “வாயுதான்” என்று சோடா குடித்து விடியும்வரை காத்திராதீர்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சிலசமயம் வலியே தெரியாமல் வரும். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். போன மாதச் சோதனையில் ஒன்றுமில்லை என்ற சீட்டு, இன்று கிழிந்த கட்டியைத் தடுக்காது.