கைக்கணினியும் சண்டை விளையாட்டும்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகை, ஒரு காலத்தில் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த சிற்றூர். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்காவும் மிஷெலின் டயர் தொழிற்சாலையும் உள்ளன. 2020-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்குத் துணை நிற்கிறது. இத்தகைய ஊர்களில், ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர் பாடத்திற்கென வாங்கித் தந்த டேப்லெட் ஒன்றே வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் பொது. பாடம் முடிந்ததும் அதில் சண்டை விளையாட்டு தொடங்கிவிடுகிறது. அதைத் தடுப்பதற்கு முன்னும், அதில் மூழ்குவதற்கு முன்னும், அதன் இயல்பை நாம் அறிந்துகொள்வது நலம்.

கண்ணாடியும் விரலும்

சண்டை விளையாட்டில் திரையின் இருபுறமும் இருவர் நிற்பர். இடது கட்டைவிரல் வீரரை நகர்த்தும். வலது கட்டைவிரல் அடிக்கும், தடுக்கும். ஆகவே ஒரே நேரத்தில் இரு விரல்களைத் திரை உணர வேண்டும். 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்க்காக வெளியிட்ட மலிவு விலை 'ஆகாஷ்' டேப்லெட்டின் திரை அழுத்தத்தால் இயங்குவது. மேல் தகடு கீழ்த் தகட்டைத் தொட்டால்தான் அதற்குப் புரியும். பாடம் படிக்க அது போதும். இரு கைச் சண்டைக்கு ஒவ்வாது.

இன்றைய டேப்லெட்டுகளில் கண்ணாடிக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு உண்டு. விரல் பட்டதும் அவ்விடத்து மின்னூட்டம் மாறும். அதைக் கொண்டு பல விரல்களின் இடத்தையும் கருவி தனித்தனியே கணக்கிடும். நம் பகுதிப் புழுக்கத்தில் விரல் வியர்த்தால் இக்கணக்கு தவறும். துணியால் கையைத் துடைத்துக்கொண்டால் பாதிக் குறை தீரும். ஆனால் கண்ணாடிமேல் வரைந்த பொத்தானுக்கு மேடு பள்ளம் இல்லையாதலால், விரல் நழுவியதை நாம் தொட்டு அறிய முடியாது. டேப்லெட்டை ஒரு தாங்கியில் நிறுத்தி, பொத்தான் கருவி ஒன்றைக் கம்பிவழியோ புளூடூத் வழியோ இணைத்து ஆடுவதே சிறந்தது. கம்பிவழியில் தாமதம் பொதுவாகக் குறைவு, கழுத்தும் குனியாது.

நொடியின் அறுபதில் ஒரு பங்கு

இவ்விளையாட்டுகளில் திரைப்படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது. விரைவான குத்து ஒன்று நான்கு படங்களுக்குள் எதிரியைத் தொட்டுவிடும். ஆனால் கண் கண்டதைக் கை செய்ய மனிதருக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 12 படங்கள், தேவைப்படுகிறது. எனவே குத்தைப் பார்த்தபின் தடுக்க எவராலும் இயலாது. எதிரி அடுத்து என்ன செய்வார் என முன்னரே ஊகிக்க வேண்டும். சிலம்பம் பழகும் தோழியர் இதை நன்கு அறிவர்; கம்பு வருமுன் எதிராளியின் காலடியையும் தோளையும் அவர்கள் கவனிப்பார்கள் அல்லவா? பொத்தானை வெறிகொண்டு தட்டுபவர் தோற்பதும், பொறுத்துக் கவனிப்பவர் வெல்வதும் இதனால்தான்.

2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியாவிலிருந்து இருவர் பங்கேற்றனர். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44! அப்போட்டி டேப்லெட்டில் நடந்ததன்று. எனினும் விரல் வேகத்தைவிடப் பல்லாண்டுப் பயிற்சி பெரிது என்பதற்கு அது சான்று.

வெப்பமும் மின்கலமும்

மடிக்கணினியில் உள்ளது போன்ற விசிறி பெரும்பாலான டேப்லெட்டுகளில் இல்லை. நெடுநேரம் ஆடினால் உள்ளே சூடேறும். தன்னைக் காத்துக்கொள்ளக் கருவியே தன் வேகத்தைக் குறைக்கும். மெத்தைமேல் வைத்தும், சார்ஜ் ஏற்றிக்கொண்டும் ஆடுவது கருவிக்குக் கேடு. மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பது வெப்பமே. நாளை தங்கையின் பாடத்திற்கும் அக்கருவிதான் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

யார் ஆடலாம்? எவ்வளவு ஆடலாம்?

"சண்டை விளையாட்டு ஆண்பிள்ளைகளுக்கு" என்று டேப்லெட்டை அண்ணன் தம்பியரிடமே கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டின் எட்டு வீரர்களுள் சுன்-லி என்னும் ஒரே பெண்ணும் இருந்தாள். ஊகமும் பொறுமையும் ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நேரத்தைப் பகிர்வதானால் சமமாகப் பகிர்வதே நீதி.

ஆனால் எல்லா விளையாட்டும் எல்லா வயதினர்க்கும் ஏற்றதன்று. 'மார்ட்டல் காம்பட்' போன்றவற்றின் குருதிக் காட்சிகளால் எழுந்த கண்டனத்தை அடுத்தே, 1994-இல் அமெரிக்காவில் வயது முத்திரை இடும் அமைப்பு தோன்றியது. ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்வோம்:

1. விளையாட்டை ஏற்றுமுன் வயது முத்திரையைப் பெற்றோருடன் சேர்ந்து பார்ப்போம்.

2. உடை, ஆயுதம் வாங்கச் சொல்லும் அழைப்புகளுக்கு இணங்கோம். பெற்றோரின் உழைப்பு அப்பணம். பணயம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியதையும் நினைவிற் கொள்வோம்.

3. முகமறியாதவருடன் உரையாடோம், ஊர், பள்ளி, படம் எதையும் தரோம்.

4. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை தொலைவில் நோக்கிக் கண்ணுக்கு ஓய்வளிப்போம்.

5. இரவு ஷிப்டு முடித்து உறங்குவோர் இருக்கும் வீட்டில் ஒலியை அடக்குவோம்.

தனியே அறைமூலையில் ஆடுவதைவிட, ஒரே திரைமுன் தங்கையோடு, ஏன், தாயோடும் அமர்ந்து ஆடிப் பார்ப்போம். தோற்றபின் சிரிக்கவும், வென்றபின் கை கொடுக்கவும் எதிரி அருகில் இருந்தால்தானே முடியும்!