காம்பராவுக்குள் வரும் காணாத வாயு

வத்தேகமப் பக்கம் மழைக்காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்துப் படுத்துவிடுகிறோம். குளிருக்கு அது சரிதான். ஆனால் ரேடோன் என்கிற வாயு தங்குவதும் இப்படி அடைத்த வீட்டில்தான்.

பாறையிலும் மண்ணிலும் கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது சிதைந்து ரேடியமாகும். ரேடியத்திலிருந்து ரேடோன் பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. வெட்டவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். கைவிட்ட சுரங்கத்திலோ உடைந்த பாறையிலிருந்து கசிந்து சேர்ந்து, வெடிப்பு வழியே மேலேயுள்ள வீட்டுத் தரைக்கு வந்துவிடும். அடுப்புச் சூட்டில் காற்று கூரைக்கு ஏற, தரை வெடிப்பு கீழ்க்காற்றை உறிஞ்சும். இங்கிலாந்தில் பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் நிறைந்த கோர்ன்வாலில் வீட்டுக்கு வீடு கருவி வைத்து இதை அளக்கிறார்கள்.

சுரங்கம் இல்லாத இடத்திலும் மண்ணிலிருந்து இது வரும். நம் நாட்டுப் பாறையிலும் இந்தச் சரக்கு உண்டு. 1904இல் சப்ரகமுவவில் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்த தோரியனைட் கல்லில் தோரியமும் யுரேனியமும் இருந்தன.

நாள்பட சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். பீடி, சுருட்டு குடிப்பவருக்கு ஆபத்து 25 மடங்கு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பக்கத்தில் படுக்கும் பிள்ளையும் அதே காற்றைத்தானே இழுக்கிறது!

தரை வெடிப்பைச் சீமெந்து பூசி அடையுங்கள். பெரட்டுக்குப் போகுமுன் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். பின்சுவரில் ஜன்னலே இல்லாத காம்பரா என்றால், தோட்ட நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள்; அடுப்புப் புகையும் அதே வழியில் போகும்.