தோல்விக் கணக்கை மட்டும் பார்க்காதே

அன்புள்ள மகனுக்கு,

உங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி பிப்ரவரி முழுக்கத் தோற்றுக்கொண்டே வந்ததையும், மார்ச் போட்டியில் இடம் கிடைத்தாலும் முதல் நாளே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பையன்கள் பேசிக்கொள்வதையும் எழுதியிருந்தாய். அணியின் வீடியோவை வெட்டித் தொகுத்துக் கோச்சிடம் கொடுக்கிறவன் நீ. யார் சோர்ந்தாலும் நீ சோரக் கூடாது. சீசனின் கடைசிக் கட்டத் தோல்விகளுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியவனே நீதான்.

2014 மார்ச் 8-ஆம் தேதியை எடுத்துக்கொள். லீக் ஆட்டங்களின் கடைசி நாள். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி லூயிவில் மண்ணில் 81-48 என்று தோற்றது. முப்பத்து மூன்று பாயிண்ட் வித்தியாசம்! அடுத்த வாரம் கான்ஃபரன்ஸ் இறுதியிலும் அதே லூயிவில்லிடம் தோல்வி. தேசியப் போட்டியில் அவர்களுக்குக் கிடைத்தது ஏழாம் தரவரிசை. முதல் சுற்றில் செயின்ட் ஜோசப்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில்தான் தாண்டினார்கள். ஆனாலும் ஏப்ரல் 7 அன்று கோப்பை அவர்கள் கையில் இருந்தது.

எப்படி? இறுதி ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்: கனெக்டிகட் 60, கென்டக்கி 54. அந்த ஆட்டத்தில் கனெக்டிகட்டுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ கிடைத்தன, பத்தும் கூடைக்குள். கென்டக்கிக்கு 24 கிடைத்தன. உள்ளே போனவை 13. கைக்கு வந்த பதினோரு பாயிண்ட் போயிற்று. தோற்றதோ ஆறு பாயிண்டில். மற்றது எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்தக் கணக்கு உன் நினைவில் நிற்கட்டும்.

அதே கனெக்டிகட் 2011-இல் செய்தது இன்னும் பெரிது. பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் 9 வெற்றி, 9 தோல்வி. லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோல்வி. அந்த நிலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனுக்குப் போய், ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றார்கள். அந்த ஐந்தில் அணி வீரர் கெம்பா வாக்கர் ஒருவரே 130 பாயிண்ட். பிறகு தேசியப் போட்டியில் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. பிப்ரவரியில் தோற்றவர்களும் மார்ச்சில் ஜெயித்தவர்களும் அதே பையன்கள்தான்.

இதெல்லாம் பழைய கதை என்று உன் நண்பர்கள் சொன்னால், 2024-ஐச் சொல். என்.சி. ஸ்டேட் லீக் ஆட்டங்களின் கடைசி நான்கிலும் தோற்றது. கான்ஃபரன்ஸ் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டமும் வென்றால்தான் தேசியப் போட்டிக்குள் போக முடியும் என்ற நிலை. நான்காம் நாள் வர்ஜீனியாவுடன் அரையிறுதி. மூன்று பாயிண்ட் பின்தங்கல். ஐந்து விநாடி சொச்சம் மிச்சம். வர்ஜீனியா வீரருக்கு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும் என்ற வகை அது. முதலாவதே விழவில்லை. பந்து என்.சி. ஸ்டேட்டின் மைக்கேல் ஓ'கானெலிடம் வந்தது. ஓடிவந்து மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசினார். பந்து பலகையில் பட்டு உள்ளே இறங்கியது. கூடுதல் நேரத்தில் 73-65 என்று ஜெயித்து, மறுநாள் வட கரோலினாவையும் வீழ்த்தி, அந்த அணி தேசியப் போட்டியின் ஃபைனல் ஃபோர் வரை போனது.

எல்லோரும் ஓ'கானெலின் வீச்சைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். நீ அதற்கு முந்தைய ஃப்ரீ த்ரோவைப் பார். அது விழுந்திருந்தால் ஓ'கானெலின் மூன்று பாயிண்ட் போதாமல் போயிருக்கும்.

இதன் மறுபக்கமும் உனக்குத் தெரிய வேண்டும். தொடர்ந்து ஜெயித்து வருகிற அணி நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதே. 2018-இல் வர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வியோடு, கான்ஃபரன்ஸ் கோப்பையும் வாங்கிக்கொண்டு, முதல் தரவரிசையில் போட்டிக்குள் வந்தது. போட்டி தொடங்கும் வாரத்தில் டியாண்ட்ரே ஹன்டரின் மணிக்கட்டு முறிந்த செய்தி வந்தது. பெஞ்சிலிருந்து இறங்கி ஆட்டத்தைத் திருப்பக்கூடிய வீரர் அவர். மார்ச் 16 அன்று சார்லட்டில், பதினாறாம் தரவரிசை யு.எம்.பி.சி. அணியோடு இடைவேளையில் 21-21. பிற்பாதியில் மட்டும் எதிரணி 53 பாயிண்ட் அடித்தது. அந்த வருடம் தடுப்பாட்டத்துக்கே பேர்போன அணி 74-54 என்று வீட்டுக்குப் போனது.

பெண்கள் போட்டியில் இப்படியொரு தோல்வி இருபது வருடம் முன்பே நடந்தது. 1998-இல் முதல் தரவரிசை ஸ்டான்ஃபோர்ட், தன் சொந்த கோர்ட்டிலேயே பதினாறாம் தரவரிசை ஹார்வர்டிடம் 71-67 என்று தோற்றது. ஸ்டான்ஃபோர்டின் முக்கிய வீராங்கனைகள் இருவருக்குப் போட்டி தொடங்கும் தறுவாயில் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அதுவரை குவித்த வெற்றிகளெல்லாம் அந்த இருவரையும் சேர்த்து வந்தவை.

ஆகவே ஒவ்வொரு தோல்வியையும் தனித்தனியாகப் பிரித்துப் போடு. அன்று யார் ஆடவில்லை? உங்கள் பாயிண்ட் கார்டு கணுக்கால் சுளுக்கோடு வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்களைத் தனியாக வை. 1983-இல் என்.சி. ஸ்டேட் பத்துத் தோல்விக்குப் பிறகும் தேசியச் சாம்பியன் ஆனது. அணி வீரர் டெரெக் விட்டன்பர்க் கால் எலும்பு முறிந்து பல வாரம் ஆட முடியாமல் போன சீசன் அது. அவர் திரும்பி வந்ததும் அணி வேறு அணி ஆகிவிட்டது.

அடுத்து, தோற்ற ஆட்டங்களில் வீச்சு விழாமல் போனதா, பந்தைக் கோட்டைவிட்டீர்களா, ரீபவுண்டில் இடம் பிடிக்கத் தவறினீர்களா என்று பார். தூர வீச்சு ஒருநாள் விழும், ஒருநாள் விழாது. அதற்காகப் பையன்களைக் கடிந்துகொண்டு பயனில்லை. டர்ன்ஓவரையும் ரீபவுண்டையும் ஃப்ரீ த்ரோவையும் பயிற்சியில் திருத்தலாம். மிச்சமிருக்கிற நாட்களில் கோச் கைவைக்கக்கூடியவை இவைதான். ஃப்ரீ த்ரோ பயிற்சியை ஓடிக் களைத்த பிறகு வைக்கும்படி கேட்டுப் பார். கடைசி நிமிடத்தில் கோட்டில் நிற்கும்போது கால்கள் அந்த நிலையில்தான் இருக்கும்.

வீடியோ காட்டும்போது வரிசையைக் கவனி. தோல்வியையே போட்டுக்கொண்டிருக்காதே. ஒவ்வொரு பையனுக்கும் அவன் சரியாகச் செய்த இரண்டு மூன்று துண்டுகளை முதலில் காட்டு, பிறகு தவறைக் காட்டு. பெஞ்சில் கடைசியில் உட்காரும் பையனையும் விட்டுவிடாதே. மற்றவர்கள் ஃபவுலில் சிக்கும் இரவில் அவன்தான் இறங்க வேண்டியிருக்கும்.

தேசியப் போட்டிக்கான அணித் தேர்வை அறிவிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இந்தக் கணக்கை முடித்துக் கோச்சிடம் கொடுத்துவிடு. முதல் பக்கத்தில் ஃப்ரீ த்ரோ கணக்கு இருக்கட்டும், வீரர் வாரியாக. நேரத்துக்குச் சாப்பிடு. எந்த ஊரில், எந்த அணியோடு முதல் ஆட்டம் என்று தெரிந்த உடனே சித்தப்பாவுக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா