குண்டாற்றங்கரையில் நாயோடு ஒரு காலை நடை

நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பதற்கும் ஒரு பாடமா என்று நீங்கள் நகைக்கலாம். சென்ற மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலை வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் இயற்கை மன்றத்தார் பதினொருவரும், அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியும், திருச்சுழியில் வசிக்கும் தோழி ஒருத்தியின் வீட்டிலிருந்து, அவள் வளர்க்கும் 'மணி' என்னும் நாயோடு குண்டாற்றங்கரைக்குப் புறப்பட்டோம். தோழியின் பாட்டியும் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு உடன் வந்தார்கள். அன்று கண்டதையும், பின்னர் நூல்களில் படித்தும் மருத்துவரிடம் கேட்டும் அறிந்ததையும் இங்கே தருகிறோம்.

மனிதன் நாயோடு வழிநடக்கத் தொடங்கியது நேற்று இன்று அன்று. விவிலியத்தில் தோபித்து நூலைப் படித்திருப்பீர்கள். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. முதல் இரவில் அவர்கள் தங்குவது டைகிரிஸ் ஆற்றங்கரையில். நம் தமிழகத்திலே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு கவர வந்தவர்களோடு பொருது மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்தது என்று கல்வெட்டே கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்கும் கல்வெட்டில் பெயர் கிடைத்தது. நாமோ தெருவில் படுத்திருக்கும் நாயைக் காரணமின்றிக் கல்லால் எறிகிறோம்.

திருச்சுழிக்கே உரிய செய்தியும் ஒன்று உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று இவ்வூரில் பிறந்த ரமண மகரிஷி, 1896-இல் திருவண்ணாமலை சென்று அங்கேயே தங்கினார். மலைமேல் அவரிடம் கமலா என்ற நாய் இருந்தது. புதிதாக வருபவரை மலையைச் சுற்றி அழைத்துப் போகும்படி அவர் சொன்னால், அது முன்னே நடந்து ஒவ்வொரு சந்நிதியையும் குளத்தையும் காட்டிக் கூட்டி வருமாம். நாம் நாயை நடத்திச் செல்கிறோமா, நாய் நம்மை நடத்திச் செல்கிறதா என்று எங்களுள் ஒரு வழக்கே நடந்தது. மணி கயிற்றை இழுத்த இழுப்பில் அதற்கு விடை கிடைத்துவிட்டது.

இனி நிலத்தைப் பார்ப்போம். காடு என்றதும் நீங்கள் குற்றாலத்தையும் கொடைக்கானலையும் நினைக்க வேண்டாம். நம் காடு பனையும் உடையும் வேம்பும் சீமைக்கருவேலமும் நிற்கும் காடு. நம் ஆறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. மேற்கே மலைச் சரிவுகளில் தோன்றும் குண்டாறு, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியே தென்கிழக்காகச் சென்று இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஓடும்; இல்லையேல் அங்கங்கே குட்டைகள் மட்டும் மின்னும். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த மணலில் நின்று பாருங்கள். முயலின் கால் தடம், கீரியின் தடம், மயில் தோகை இழுபட்ட கோடு என்று இரவெல்லாம் நடந்தது எழுதி வைத்தாற்போல் இருக்கும். எங்களுக்குக் கண்ணால் தெரிந்ததை மணி மூக்கால் படித்தது. ஒரே புதரருகே ஐந்து நிமிடம் நின்றது. அதை இழுக்காமல் நிற்க விடுவதே நல்லது என்றார் ஆசிரியை. மோப்பம் பிடிப்பதுதான் நாய்க்கு நடையின் பெரும் பயனாம்.

காலையிலேயே போக வேண்டியதற்குக் காரணம் உண்டு. நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி முக்கியமாக உள்ளங்காலில்தான். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அதன் விசிறி. கரிசல் மண்ணும் தார்ச்சாலையும் காய்ந்துவிட்டால் பாதம் வெந்துபோகும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்தாறு வினாடி பொறுக்க முடியவில்லையென்றால், நாயை அதில் நடத்தக்கூடாது. தூக்குச் சட்டியில் தண்ணீரும், ஊற்றிக் கொடுக்க ஒரு சிரட்டையும் கொண்டு போனோம். குட்டையின் பாசி நீரைக் குடிக்க விடவில்லை. வழியில் இரண்டு முறை மணி நொண்டியது. இரண்டு முறையும் விரலிடுக்கில் சீமைக்கருவேல முள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த இம்மரம், விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் உதவுகிறதேயன்றி, நடப்போர் காலுக்கு நட்பாகவில்லை. வீடு திரும்பியதும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக் கிணறுகள் பல சுற்றுச்சுவர் இல்லாதவை. புதர் மூடியிருந்தால் நாய்க்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நம் விருதுநகர் மாவட்டம் நாய்க்குப் புகழ் பெற்றது. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டது. வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இவ்வினத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன, கூப்பிட்டால் திரும்பாது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களோ கண்ணால் வேட்டையாடுபவை. முயல் ஒன்று அசைந்தால் போதும், அம்பு போலப் பாய்ந்துவிடும். முயலும் மயிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை என்பதை நாய் அறியாது. கயிற்றைப் பிடித்திருப்பவர் அறிய வேண்டும். இங்கிலாந்தில் திறந்தவெளி நிலங்களில் மார்ச் முதல் நாளிலிருந்து ஜூலை இறுதி வரை, இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் நாயைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த ஏற்பாடு. வியப்பு என்னவென்றால் நம் ஆள்காட்டிக் குருவியும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. அன்று ஓர் இணை எங்கள் தலைக்கு மேல் ஓயாமல் கத்தியது. முட்டை அருகில் இருக்கும் என்று உணர்ந்து, சுற்றிக்கொண்டு போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் காடு 1988 முதல் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே நாயைக் கொண்டு போவதே தகாது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் நாய்களிடமிருந்து பரவிய நோயால் மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்கள் மாண்டன.

இத்தனையும் தெரிந்த நாங்கள் தவறியது திரும்பும் வழியில். வெயில் ஏறவில்லை, ஆளில்லாத மணல்தானே என்று மணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். கரை மேட்டுக்கு அப்பால் செம்மறி ஆட்டுக் கிடை ஒன்று இருப்பதை அது எங்களுக்கு முன்பே அறிந்துகொண்டது. "நாயைக் கையில புடிங்க தாயி!" என்று கீதாரி கூவுமுன் மணி ஆடுகளிடையே புகுந்துவிட்டது. கிடைநாய் சும்மா இருக்குமா? அதன் வேலையே அதுதானே. இரண்டும் கட்டிப் புரள, பிரிக்கக் குனிந்த எங்கள் ஒன்பதாம் வகுப்புத் தோழியின் கெண்டைக்காலில் கிடைநாயின் பல் பதிந்தது, இரத்தமும் வந்தது. நாய்கள் சண்டையிடும்போது நடுவே கை நுழைக்கக்கூடாது என்பதை அப்போதுதான் கற்றோம்.

பாட்டி உடனே வெற்றிலைப் பையைத் திறந்தார்கள். "சுண்ணாம்பு வச்சா விஷம் முறிஞ்சிரும் சிஸ்டர். எங்க காலத்துல மொளகாப் பொடிதான்" என்றார்கள். ஆசிரியை அவர்கள் கையை மெல்லப் பிடித்து, "பாட்டி, இதுல சுண்ணாம்பு வைக்கக் கூடாது. தண்ணி எங்க இருக்கு, அதைக் காட்டுங்க" என்றார். அருகில் பம்பு செட்டு ஓடிக்கொண்டிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவரிடம் சோப்பு வாங்கி, ஓடும் நீரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினோம். தோழி அழுதாள்; நாங்களும் அழுதோம். கீதாரி தம் நாய் நோயற்றது என்று உறுதி சொன்னார். அவரை நாங்கள் நம்பினோம். ஆனால் கிடை இரண்டு நாளில் வேறு ஊருக்குப் பெயர்கிறது. பத்து நாள் அந்நாயைக் கவனிக்க யாரால் முடியும்? முடிந்தாலும் அதுவரை ஊசிக்குக் காத்திருக்கக்கூடாது என்றார் அரசு மருத்துவமனை மருத்துவர்.

அவர் விளக்கியது இது. வெறிநாய்க் கடியின் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்லச் செல்கிறது. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. அடையுமுன் தடுப்பூசி முந்திக்கொண்டால் பிழைப்பு உறுதி. சோப்பு கிருமியின் மேலுறையைக் கரைத்துவிடும். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் காயத்தைப் புண்ணாக்கும், அவ்வளவே. 1885-இல் பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஊசி போட்டார். 1907-இல் குன்னூரில் அவர் பெயரால் நிறுவனம் எழுந்தது. அக்காலத்துத் தொப்புளைச் சுற்றிய ஊசிகள் ஒழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று தோலுக்குள் போடும் ஊசி: முதல் நாள், பின் 3, 7, 28-ஆம் நாள்கள். இரத்தம் கசிந்த கடி ஆதலால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் முதல் நாளிலேயே போட்டார்கள்.

மணிக்கு ஆண்டுதோறும் போட வேண்டிய தடுப்பூசி சென்ற ஆண்டு தவறிவிட்டது என்பது அன்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது. தோழியின் தந்தை மறுநாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார். பாட்டியும் உடன் போய், "காயம் பட்டா எத்தனை நிமிஷம் கழுவணும்?" என்று அவரையும் ஒரு முறை கேட்டுவிட்டு வந்தார்களாம்.

இருபத்தெட்டாம் நாளும் சனிக்கிழமையாகவே அமைந்தது. ஊசி போட்டுக்கொண்டு நேரே திருச்சுழிக்கு வந்த தோழி, கயிற்றைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "இன்று மணியை நான்தான் பிடிப்பேன்" என்றாள். மீண்டும் ஆற்றங்கரைக்குப் போனோம். கிடை கிடந்த இடத்தில் புழுக்கை மட்டும் காய்ந்து கிடந்தது. ஆள்காட்டிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.