பழம்புண்ணும் பரோபகாரமும்

போரிலேனும் பணியிலேனும் ஊறுபட்டோர்க்குப் புண் ஆறினும் துன்பம் ஆறுவதில்லை. காலிழந்தார்க்கு இல்லாத காலிலே நோவு தோன்றும். முள்ளந்தண்டு முறிந்தார்க்கு உணர்ச்சியற்ற தோலிலே படுக்கைப்புண் உண்டாகும். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்திலே மிதிவெடியாலும் எறிகணையாலும் அவயவம் இழந்தோர் நம் வடமாகாணத்திற் பலர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருத்தல் கூடும். ஆகலின் இப்பாடம் சைவாசிரியர்க்கு வேண்டப்படுவதாம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியினராகிய எஸ். இராமகிருஷ்ணன் என்பார், பொறியியல் பயிலுங்காலத்திலே, 1975 ஆம் ஆண்டு, பெங்களூரில் நிகழ்ந்த கப்பற்படை அதிகாரித் தேர்விலே வீழ்ந்து, கழுத்தின்கீழ்ச் செயலற்றவராயினார். பணியிற் புகுமுன்னரே பணிக்குரிய ஊறு அவரை அடைந்தது. அவர் 1981 இல் ஆய்க்குடியிலே, தமக்கு ஊக்கமளித்த படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாகல் என்பாரின் பெயரால், அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தசைநலிவு நோயுற்ற கணக்காய்வாளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். சக்கர நாற்காலியிலிருந்த இவ்விருவரும் அங்கவீனச் சிறார்க்குக் கல்வியும் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் கிடைக்கச் செய்தனர். 2020 இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஈண்டு மாணாக்கர்க்கு உணர்த்தற்பாலது யாது? தொண்டினால் நோய் நீங்கிற்றென்பதன்று. அவருடைய அவயவங்கள் மீளவில்லை. தம்மைத் தூக்கிவிடப் பிறர் கை வேண்டியிருந்தவரே பிறரைத் தூக்கிவிட்டார். உதவி பெறுதலும் உதவி செய்தலும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்கும் என்பதே பொருள்.

திருவாரூரிலே தண்டியடிகணாயனார், கண்ணில்லாதவராயிருந்தும், தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச்சென்று குளந்தோண்டினார். கண் பெற்றது பின்னர், தொண்டு முன்னர். கயிறு இன்றேல் அத்தொண்டு எங்ஙனம் நிகழும்?

நம் தீவுகளிலும் அக்கயிறு வேண்டும். தேய்ந்த செயற்கைக்காலைத் திருத்துவிக்க யாழ்ப்பாணத்திலே 1987 இல் தோன்றிய ஜெய்ப்பூர் நிலையத்துக்குச் செல்லும் நெடுந்தீவார், முதலிலே குறிகட்டுவான் வரை கடல் கடக்கவேண்டும். வள்ளத்தில் ஏறுங்கால் கைகொடுத்தலும், பாடசாலை வாயிற்படியருகே சாய்தளம் அமைத்தலும் நாம் கட்டத்தக்க கயிறுகளாம். அங்ஙனம் வழி செய்தபின், ஊறுபட்ட ஒருவரை மாலை வகுப்பிலே கணக்குக் கற்பிக்க அழைப்போமாயின், அவர் இரங்கத்தக்கவராகவன்றி ஆசிரியராகவே வருவர்.

ஒன்று விலக்கற்பாலது. பிறர் புண்ணைச் சுட்டி, "இது முன்வினைப்பயன்" என வகுப்பிலே கூறற்க. வினையுண்மை தன்னைத் திருத்தற்கு உரியதன்றிப் பிறரைத் தீர்ப்பிடற்கு உரியதன்று. தந்தையின் காலை நினைந்து அச்சொல்லைக் கேட்கும் பிள்ளை அதனை ஆயுள்காறும் மறவாது.

வினாக்கள்

1. தண்டியடிகள் கயிறு கட்டியது எதற்கு?
2. இராமகிருஷ்ணன் பெற்ற உதவி யாது? செய்த உதவி யாது?
3. நும் ஊரிலே கட்டவேண்டிய கயிறு யாது?