எந்தப் பக்கம் திறந்தாலும் ஒரே தலைப்பா?

நாவலூர் பக்கம் ஒரு அடுக்ககச் சங்கத்துக்கு ஜாங்கோவில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறீர்கள். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, புகார் என எல்லா டேப்பிலும் சங்கத்தின் பெயர் மட்டுமே தெரிகிறதா? இப்படிச் செய்யுங்கள்.

1. தாய் டெம்ப்ளேட்டின் டைட்டில் டேகுக்குள் ஒரு பிளாக் திறந்து, அதில் 'முகப்பு' என்று எழுதுங்கள். தலைப்பு தர மறந்த பக்கமும் வெறுமையாக நிற்காது.

2. சங்கத்தின் பெயரை பிளாக்குக்கு வெளியே, அதன் பின்னால் வையுங்கள். டேப் குறுகும்போது வெட்டுப்படுவது வால்பகுதிதான். 'தண்ணீர் லாரி' தப்பிக்கும். சங்கத்தின் பெயர் மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

3. சேய் டெம்ப்ளேட்டில் எக்ஸ்டெண்ட்ஸ் டேகை முதலில் எழுதுங்கள்; வேறு டேக் முந்தினால் பிழை வரும். தலைப்பை அதே பெயருள்ள பிளாக்குக்குள் மட்டும் எழுதுங்கள். பிளாக்குக்கு வெளியே எழுதியது திரைக்கு வராது, பிழைச் செய்தியும் வராது. பலரும் மணிக்கணக்கில் தேடுவது இந்த இடத்தில்தான்.

4. பக்கத்துக்குள் வரும் பெரிய தலைப்புக்கு வேறு பெயரில் பிளாக் வையுங்கள். ஒரே ஃபைலில் ஒரே பெயரை இருமுறை ஜாங்கோ ஏற்காது. ஜிஞ்சா என்ற வேறொரு டெம்ப்ளேட் எஞ்சினும் அப்படித்தான், ஆனால் அங்கே 'செல்ஃப்' மூலம் அதே பிளாக்கை மறுபடி அழைக்கலாம்.

5. புகார்ப் பக்கத் தலைப்பில் புகார் எண்ணையும் சேருங்கள். பார்வையற்றவருக்கு ஸ்க்ரீன் ரீடர் முதலில் வாசிப்பது தலைப்பைத்தான்.